ஆஃபர் லெட்டரில் நான்-காம்பீட் கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது கிளையன்டிடமே வேலை கிடைத்திருக்கிறது: சேரலாமா?

கேள்வி கேட்ட தம்பி சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஆறு வருடமாக பேக்எண்ட் டெவலப்பர். கடைசி மூன்று வருடம் யாருக்காக கோட் எழுதினாரோ அந்தக் கிளையன்டே பெங்களூரு அலுவலகத்தில் வேலை தருகிறது. ராஜினாமா மெயில் போட்ட மறுநாள் எச்ஆர் கூப்பிட்டு, ஆஃபர் லெட்டரின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். வேலையை விட்டபின் ஒரு வருடத்துக்குப் போட்டி நிறுவனத்திலோ கிளையன்டிடமோ சேரக்கூடாது, மீறினால் ஐந்து லட்சம் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைத்தான் நான்-காம்பீட் என்கிறார்கள். "கையெழுத்துப் போட்டுவிட்டேனே சார், இனி என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

சேரலாம். இந்தியச் சட்டப்படி அந்த ஒரு வருடத் தடை செல்லாது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. ஆனால் அதே ஆஃபர் லெட்டரில் நீங்கள் புரட்டிக்கூடப் பார்க்காத வேறு சில பக்கங்கள் செல்லும். நான் பல வருடமாக ஐடி ஊழியர்களின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பயப்பட வேண்டாத பக்கத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டு, பயப்பட வேண்டிய பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வருகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ரொம்பச் சின்னது. சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் வாணிபத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது, அவ்வளவுதான் அது சொல்வது. "அந்த அளவுக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். தடைபோடும் வரி மட்டும்தான் விழும். சம்பளம், நோட்டீஸ் பீரியட், ரகசியக் காப்பு என்று ஆஃபர் லெட்டரில் உள்ள மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

இந்தப் பிரிவை வைத்து வந்த முதல் பெரிய தீர்ப்பு 1874-இல், கல்கத்தாவில். பித்தளைப் பாத்திர வியாபாரிகள் இருவர், மாதவ் சந்தர், ராஜ்குமார் தாஸ். போட்டி தாங்காத ராஜ்குமார், "நீ இந்தப் பக்கம் கடையை மூடிவிடு, உன் வேலைக்காரர்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்" என்றார். மாதவ் நம்பி மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். வழக்கு தோற்றது. தொழில் செய்யாதே என்று பேசிக்கொண்ட ஒப்பந்தமே செல்லாது, அதை வைத்துப் பணம் கேட்க முடியாது என்றார் தலைமை நீதிபதி கௌச். ஊரின் ஒரு பகுதியில் மட்டும்தானே மூடச் சொன்னார், முழுத் தடை இல்லையே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. கொஞ்சமாகத் தடுத்தாலும் தடுப்புதான். உங்கள் எச்ஆர் "ஒரு வருடம்தானே, ஊர் முழுக்க வேறு கம்பெனி இருக்கிறதே" என்று சொன்னால், அதற்கான பதில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும். நம் சட்டத்தை எழுதியவர்கள் இந்த இடத்தில் இங்கிலாந்தைப் பின்பற்றாமல், டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காகத் தயாரித்த வரைவுச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். நியூயார்க் அந்த வரைவை ஏற்கவே இல்லை. கலிஃபோர்னியா ஏற்றது, அதுவும் அதே 1872-இல். சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு என்ஜினியர் வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியை விட்டுத் திங்கள்கிழமை எதிர் கம்பெனியில் சேர முடிகிறதே, அந்தச் சட்டமும் நம்முடைய 27-ஆம் பிரிவும் ஒரே வரைவிலிருந்து வந்தவை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சரி, உச்ச நீதிமன்றம் என்ன சொல்கிறது? இரண்டு வழக்குகள் தெரிந்தால் போதும். 1967-இல் வந்தது கோலிகரி வழக்கு. கல்யாணில் டயர் நூல் தயாரித்த செஞ்சுரி மில்லில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், பயிற்சியெல்லாம் பெற்றபின் பாதியிலேயே விட்டுவிட்டுக் கோட்டாவில் போட்டி நிறுவனத்துக்குப் போனார். அந்த ஐந்து வருடம் முடியும்வரை அவரைத் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். கம்பெனி வக்கீல் நோட்டீஸ்களில் இந்த வழக்கின் பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆனால் அது ஒப்பந்தக் காலத்துக்குள் நடந்ததைப் பற்றியது என்பதை நோட்டீஸ் சொல்லாது. 2006-இல் வந்தது கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் வழக்கு. அவருடைய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தம் முடிந்தபிறகும் வேறு யாரோடு சேருவதானாலும் முதலில் எங்களிடம் வர வேண்டும் என்று ஒரு வரி போட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு நீளும் தடை 27-ஆம் பிரிவின்கீழ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும்போது கட்டுப்பாடு செல்லும், வேலை முடிந்தபின் செல்லாது. நியாயமான தடையா என்ற கேள்விக்கே இரண்டாவது நிலையில் இடமில்லை.

உங்கள் கதைக்கு அப்படியே பொருந்துகிற தீர்ப்பு 2025 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. மென்பொருள் கம்பெனி ஒன்று தன் ஊழியரை மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனுடைய ப்ராஜெக்டில் போட்டிருந்தது. அங்கன்வாடிகளில் ஊட்டச்சத்துத் திட்டத்தைக் கண்காணிக்கும் போஷன் டிராக்கர் செயலிதான் அந்த ப்ராஜெக்ட். அவர் ராஜினாமா செய்து, நோட்டீஸ் காலத்தை முடித்து, அந்த கார்ப்பரேஷனிலேயே சேர்ந்தார். கம்பெனி ஒப்பந்தத்தில் மூன்று வருடத் தடை இருந்தது. கீழ் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. பாருங்கள், சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கொடுத்தது. அவர் மேல்முறையீடு போனார், உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஒன்று பழைய முதலாளியிடமே வேலை செய், இல்லையென்றால் வீட்டில் சும்மா இரு என்ற நிலையில் ஓர் ஊழியரை நிறுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த மென்பொருளின் உரிமை கார்ப்பரேஷனிடமே இருப்பதால், கம்பெனி காப்பாற்ற வேண்டிய ரகசியம் என்று அங்கே ஒன்றும் இல்லை என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் இதே நிலைதான். கோட் கிளையன்டுடையது, அதைப் பற்றிய ரகசியமும் கிளையன்டுடையது. அவர்களிடமே நீங்கள் போய்ச் சேருவதில் யாருடைய ரகசியம் யாரிடம் போகிறது?

அப்படியானால் கம்பெனிகள் ஏன் இன்னமும் இந்த வரியைப் போடுகின்றன? பயம் வேலை செய்கிறது, அதனால்தான். 2022-இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் லெட்டரில் இருந்த இப்படியான ஒரு ஷரத்து பெரிய விவாதமானது. வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்கு, தான் வேலை செய்த கிளையன்டிடம் சேரக்கூடாது, அந்தக் கிளையன்டுக்காக டிசிஎஸ், காக்னிசன்ட், விப்ரோ, அக்செஞ்சர், ஐபிஎம் ஆகிய போட்டி நிறுவனங்களில் சேர்ந்தும் வேலை செய்யக்கூடாது என்றிருந்தது. புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. இது தொழிலில் வழக்கமான நடைமுறைதான் என்று கம்பெனி சொன்னது.

பயம் எப்படி வேலை செய்யும் என்று ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். டெஸ்டிங்கில் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு பெண், விருதுநகர்ப் பக்கம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிளாஸ்டிக் ஃபைலுக்குள் பதினான்கு பக்க வக்கீல் நோட்டீஸ், பதினைந்து நாளுக்குள் நான்கு லட்சம் கட்டு என்று. அந்தப் பெண் பேசவே இல்லை. அப்பாதான் பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், ஊரில் நகைக்கடன் கடையில் கிராமுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். மகளின் கல்யாணத்துக்காகச் சேர்த்த நகை அது. ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பதில் எழுதி அனுப்பினோம்: 27-ஆம் பிரிவு, மேலே சொன்ன தீர்ப்புகள், எந்தத் தகவலையும் எடுத்துச் செல்லவில்லை என்ற உறுதி. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்தத் துண்டுச்சீட்டை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. செல்லாது என்று தெரிந்தே ஒரு வரியை எழுதி, அதைக் காட்டி ஒரு குடும்பத்தை நகைக்கடன் கடை வாசல்வரை துரத்துவது அநியாயம்.

இனி, எது உங்களை உண்மையில் கட்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, நீங்கள் எடுத்துக்கொண்டு போகும் கோட். நான் பார்த்தவற்றில் ஊழியருக்கு எதிராக மோசமாகப் போன வழக்குகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கின. ஒரு பையன், நல்ல டெவலப்பர், கடைசி வாரத்தில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு மேல் ஒரு ரெப்போவை (ப்ராஜெக்டின் கோட் மொத்தமும் இருக்கும் இடம்) முழுசாக ஜிப் செய்து தன் சொந்தக் கூகுள் டிரைவில் ஏற்றினான். திருடும் எண்ணமே இல்லை, "நான் எழுதியதுதானே சார், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று" என்றான். கம்பெனி லேப்டாப்பில் இருந்த கண்காணிப்பு மென்பொருள் கோப்பின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் பதிந்திருந்தது. மனுவோடு அந்தப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. அதன்பின் நான்-காம்பீட் செல்லுமா செல்லாதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதிய கோட் வேறு உடன்பாடு இல்லாதவரை முதலாளியுடையது. அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்று வருடம்வரை சிறை. ஆகவே ஸ்கிரிப்ட், டிசைன் டாக்குமென்ட், கிளையன்ட் தொடர்பு எண்கள், எதுவும் வேண்டாம். தலைக்குள் இருக்கும் திறமையும் அனுபவமும் உங்களுடையது, அதை யாரும் கேட்க முடியாது. மெயிலுக்கு ஃபார்வர்டு செய்த ஓர் எக்ஸல் ஷீட் உங்களுடையது இல்லை.

அடுத்தது பாண்ட். இரண்டு வருடம் இருக்க வேண்டும், இடையில் விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்பது. இது நான்-காம்பீட் இல்லை, இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகிய அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு அது, வேறு இடத்தில் சேருவதை அது தடுக்கவில்லை, பொதுத்துறை வங்கி திரும்ப ஆள் எடுக்க ஆகும் செலவும் நிஜம் என்பது காரணம். தனியார் கம்பெனி கேட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு வரும். எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். உங்களுக்கென்று பணம் செலவழித்துப் பயிற்சி கொடுத்திருந்தால் கம்பெனி கை ஓங்கும். ப்ராஜெக்ட் தராமல் பெஞ்சில் உட்கார வைத்து ஆன்லைன் வீடியோ காட்டியதற்கு மூன்று லட்சம் என்றால் நிற்பது கஷ்டம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் பாண்டுக்குப் பிணையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

நோட்டீஸ் பீரியடும் கட்டும். தொண்ணூறு நாள் என்பது கொடுமைதான், ஆனால் ஒப்புக்கொண்டது. எந்த நீதிமன்றமும் உங்களை வலுக்கட்டாயமாக உட்கார வைத்து வேலை வாங்காது, ஆனால் குறைந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கம்பெனி உங்களிடம் கேட்கலாம். அப்புறம், ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைப்பார்கள். வழக்கை விட இதுதான் பலருக்கு வலி, புதுக் கம்பெனியின் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் இடிக்கும். ராஜினாமா மெயில், அது ஏற்கப்பட்டதற்கான பதில், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் போட்டுக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போது இரண்டாவது வேலை பார்ப்பதும் இதே ரகம். 2022-இல் மூன்லைட்டிங் செய்ததற்காக 300 பேரை நீக்கினோம் என்று விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகச் சொன்னார். அங்கே 27-ஆம் பிரிவு உதவிக்கு வராது.

உங்கள் விஷயத்தில் நான் உண்மையில் யோசிப்பது வேறொன்றை. உங்கள் கம்பெனிக்கும் கிளையன்டுக்கும் இடையில் தனியாக ஒரு ஒப்பந்தம் இருக்கும். அதில் "எங்கள் ஆட்களை நீங்கள் இழுக்கக்கூடாது" என்ற வரி அநேகமாக இருக்கும். அது உங்களைக் கட்டாது, நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஆனால் கிளையன்டைக் கட்டலாம். விப்ரோவுக்கும் பெக்மன் கூல்டர் என்ற நிறுவனத்துக்கும் நடந்த 2006 வழக்கில், இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட இப்படிப்பட்ட வரி 27-ஆம் பிரிவுக்கு எதிரானது இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஊழியர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் தூண்டில் போட்ட நிறுவனம் இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே உங்கள் ஆபத்து நீதிமன்றத்தில் இல்லை, கிளையன்டின் சட்டப் பிரிவு கடைசி வாரத்தில் "வேண்டாம்" என்று பின்வாங்குவதில் இருக்கிறது. பழைய வேலையையும் விட்டு, புது வேலையும் இல்லாமல் நிற்கக்கூடாது. கிளையன்டின் எச்ஆரிடம் நேராகக் கேளுங்கள்: "எங்கள் கம்பெனியோடு உங்களுக்கு ஆளெடுப்புத் தடை இருக்கிறதா, அதை உங்கள் சட்டப் பிரிவு பார்த்துவிட்டதா?" பதிலை மெயிலில் வாங்குங்கள். பல நேரம் இரு நிறுவனங்களும் ஒரு தொகை பேசி முடித்துக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரியவே வராது.

ஸ்டார்ட்அப்பில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தொழிலையும் அதன் நற்பெயரையும் விற்பவர் அதே தொழிலை அந்த வட்டாரத்தில் செய்யமாட்டேன் என்று கொடுக்கும் வாக்கு, நியாயமான அளவில் இருந்தால் செல்லும். 27-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. கம்பெனி விற்கப்படும்போது நிறுவனராகக் கையெழுத்துப் போடும் காகிதத்தை வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் இதைக் கேட்பதுண்டு. சிங்கப்பூரில் இங்கிலாந்து வழிதான், நியாயமான தடை செல்லும், எனவே நான் மேலே எழுதியதை அங்கே கொண்டுபோய்ப் பேசாதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் செல்லாது. மினசோட்டாவில் 2023 ஜூலை முதல் போடும் ஒப்பந்தங்களில் செல்லாது. நாடு முழுக்கத் தடைசெய்ய மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது, ஆகஸ்டில் டெக்சஸ் நீதிமன்றம் அதை அடித்துவிட்டது, 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. எச்1பி வேலை விசாவில் போனவர்களிடம் சில கன்சல்டன்சிகள் "முன்னால் விட்டால் இவ்வளவு டாலர்" என்று எழுதி வாங்குவார்கள். தண்டனையாக வசூலிப்பதை அந்த நாட்டுத் தொழிலாளர் துறை விதி தடுக்கிறது. உண்மையான இழப்பீடு என்றால் மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. அங்கேயே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இனி உங்கள் வேலை, தம்பி. எச்ஆர் அறையில் எதையும் வாயால் ஒப்புக்கொள்ளாதீர்கள், "புது வேலையில் சேரமாட்டேன்" என்று புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கே சேருகிறேன் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்து, பொறுப்பை ஒப்படைத்ததை மேனேஜருக்கு மெயிலில் எழுதுங்கள். "கம்பெனியின் அல்லது கிளையன்டின் எந்தக் கோட், கோப்பு, தரவும் என்னிடம் இல்லை. ரகசியக் காப்புக் கடமையைத் தொடர்ந்து மதிப்பேன்" என்று இரண்டு வரி அதில் இருக்கட்டும், அது நிஜமாகவும் இருக்கட்டும். லேப்டாப்பை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். உள்ளே எதையும் அழிக்காதீர்கள், அழித்தால் மறைத்தீர்கள் என்பார்கள்.

கம்பெனி வழக்குவரை போகும் என்று தோன்றினால் கேவியட் மனு ஒன்று போட்டுவிடலாம். உங்களைக் கேட்காமல் ஒருதலையாக இடைக்காலத் தடை வாங்க விடாது, 90 நாள்வரை உயிரோடு இருக்கும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று போட்டிருக்கும். சென்னையில் வேலை பார்த்தாலும் அங்கே புனே என்றோ நொய்டா என்றோ இருக்கலாம், மனுவை அங்கேதான் போட வேண்டிவரும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.